காமலாபுரம் முதல் மீனம்பாக்கம் வரை

சேலத்திலிருந்து சென்னைக்கு ரயில் பாதையில் 334 கிலோமீட்டர். ஆத்தூர், உளுந்தூர்பேட்டை வழியாகச் சாலையில் போனால் ஏறத்தாழ 340. ஓமலூரை அடுத்த காமலாபுரத்து ஓடுபாதையிலிருந்து மீனம்பாக்கத்து ஓடுபாதைக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் 265 கிலோமீட்டர் அளவில்தான் வருகிறது. முதல் இரண்டு எண்களும் பாதையைப் பொறுத்தவை. மூன்றாவது எண் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகால் சீமையும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன அன்றும் அதேதான், இன்றும் அதேதான். மாறியதெல்லாம் அதைக் கடக்கப் பிடிக்கும் நேரம். அந்த நேரம் எப்படிக் குறைந்தது, யாருக்குக் குறைந்தது, விமானம் வந்த பிறகும் குறைந்தது ஏன் நிலைக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். சேலத்தில் ஒரு சிறிய டிராவல்ஸ் வைத்துப் பயணச்சீட்டு விற்று வாழ்ந்தவள் நான். எங்கள் ஊர்க்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி கட்டணத்தைப் பற்றியதுகூட இல்லை. "எத்தனை மணி நேரமுங்க ஆகும்?" என்பதுதான்.

மாட்டுவண்டிக் காலத்திலிருந்து தொடங்க வேண்டும். பாரம் ஏற்றிய வண்டி மணிக்கு இரண்டு மைல் போகும். மாடு மேய வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், வெயில் ஏறினால் நிழலில் அவிழ்த்துவிட வேண்டும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நகர்ந்தால் நல்ல நடை. சென்னைப்பட்டணம் இருநூறு மைலுக்கு மேல். ஆக, சேலத்துத் தறித் துணி கடற்கரை போய்ச் சேர இரண்டரை வாரத்துக்குக் குறையாது. ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டால் வண்டிகள் வரிசையாகக் கரையில் நிற்கும். வெள்ளம் வடிவது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. வழியில் சத்திரங்கள் இருந்ததற்குக் காரணம் தர்மம் மட்டும் இல்லை. அவை இல்லாமல் அந்தப் பயணமே நடந்திருக்காது.

அந்த வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே நேர்க்கோட்டுத் தூரத்தை அளக்கிற வேலையும் தொடங்கிவிட்டது. கலெக்டர் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் இந்தச் சீமையின் வயல்களை வரிக்காக அளந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வில்லியம் லாம்டன் வந்தார். 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். அந்த ஒரு கோட்டை வைத்து மலை உச்சிக்கு மலை உச்சி முக்கோணம் முக்கோணமாகக் கட்டி, சங்கிலி படாத தூரங்களையும் கணக்கால் கண்டுபிடித்தார்கள். பிறகு தெற்கு வடக்காக அவர் எடுத்த பெரிய அளவை, 78-ஆம் தீர்க்கரேகையை ஒட்டியது. பரங்கிமலை மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்து மலை. 78-ஆம் தீர்க்கரேகையோ காமலாபுரத்து ஓடுபாதைக்குச் சில கிலோமீட்டர் மேற்கே ஓமலூர்ப் பக்கம் ஓடுகிறது. நான் சொன்ன 265 கிலோமீட்டர் கோட்டின் இரண்டு முனைகளும் அந்த மனிதரின் அளவையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டன என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

1856 ஜூலை 1-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. ஐந்தே ஆண்டில், 1861-இல், தண்டவாளம் சேலத்தைத் தொட்டது. அடுத்த ஆண்டு போத்தனூருக்குப் போய்விட்டது. இரண்டரை வாரம் ஒரே நாளாக ஆனது. விமானம் வந்து எங்களுக்கு மிச்சப்படுத்தியது மூன்று நான்கு மணி நேரம். ரயில் மிச்சப்படுத்தியது பதினைந்து பதினாறு நாள். சேலத்தின் தூரத்தை உடைத்தது எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் ரயில் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்த ரயில் ஊருக்குள் வரவில்லை. சூரமங்கலத்தோடு நின்றது. ஊருக்குள் இருந்த செவ்வாய்ப்பேட்டைக்காரரும் குகைக்காரரும் ஜட்கா பிடித்துச் சில மைல் போய்த்தான் வண்டி ஏற வேண்டும். இரவு வண்டி என்றால் பொழுது சாயும் முன்பே கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு சூரமங்கலத்துக்குப் பட்ட பாட்டைத்தான் இன்று காமலாபுரத்துக்குப் படுகிறோம்.

ரயில் கொண்டுவந்த இன்னொன்று நேரம். அதற்கு முன்னால் சேலத்து உச்சிவேளை சேலத்துக்குச் சொந்தமானது. சூரியன் தலைக்கு மேல் வந்தால் நண்பகல். சேலம் சென்னையிலிருந்து இரண்டு பாகைக்குச் சற்று அதிகமாக மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து எட்டு நிமிடம் கழித்துத்தான் இங்கே வரும். ரயில்வேக்காரர்கள் ஊருக்கு ஒரு நேரம் வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட முடியாது. நுங்கம்பாக்கத்து வானாய்வுக்கூடம் கணித்த மெட்ராஸ் நேரத்தை எல்லா நிலையங்களிலும் வைத்தார்கள். வடக்கேயும் ரயில்கள் பல ஆண்டுகள் அந்த மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. சூரமங்கலம் நிலையக் கடிகாரம் ஒரு நேரம் காட்டியது, கோட்டை மாரியம்மன் கோயில் உச்சிகாலப் பூஜை வேறொரு நேரத்தில் நடந்தது. 1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம் இந்தியாவின் பொது நேரமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி நம்முடைய சூரியன் கடிகாரத்துக்குப் பதினேழு நிமிடம் பின்தங்கி வருகிறது. ராகுகாலம் பார்த்துப் பயணம் கிளம்புகிறவர்கள் இந்தப் பதினேழு நிமிடத்தைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

என் அப்பா சூரமங்கலம் பார்சல் ஆபீசில் குமாஸ்தா. மாம்பழக் காலத்தில் அந்த ஆபீசுக்குள் போனால் மல்கோவா வாசனை தலையைச் சுற்றும். மூங்கில் கூடை, உள்ளே வைக்கோல், மேலே சாக்குத் துணி போட்டுக் கோணி ஊசியால் தைத்த வாய், அதன்மேல் நீல மையில் ஊர்ப்பெயர். எந்தக் கூடை எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று தீர்மானிப்பது பழத்தின் பக்குவம். நாளைக்குப் பழுக்கிறது இரவு வண்டிக்கு, நாலு நாள் தாங்குகிறது பம்பாய்க்கு. அப்பா கூடையில் கையை விட்டு ஒரு காயை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் லேபிள் ஒட்டச் சொல்வார். "வண்டி எத்தன மணிக்குப் போயிச் சேரும்னு கேக்கறாங்க கண்ணு. பழம் எத்தன மணிக்குக் கடைக்குப் போயிச் சேரும்னு யாரும் கேக்கறதில்ல" என்பார். நிலையத்தில் இறங்கிய கூடை கடைக்குப் போகாமல் அரை நாள் நடைமேடையில் கிடந்தால் ரயில் வேகமாக ஓடி என்ன பயன்? பின்னாளில் விமானச் சீட்டு எழுத உட்கார்ந்தபோது அப்பாவின் அந்தப் பேச்சுத்தான் எனக்குக் கைகொடுத்தது.

ஆகாயத்துக்கு வருகிறேன். 1932 அக்டோபர் 15-இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு பம்பாய்க்குப் பறந்து வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டு சேர்த்தவர் நெவில் வின்சென்ட். சென்னைக்கு விமானச் சேவை வந்தது அப்படி. திருச்சிக்கும் கோவைக்கும் பிறகு வந்தது. சேலம் அந்த இரண்டுக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. எந்தப் பக்கம் போனாலும் நாலைந்து மணி நேரத்தில் ஒரு விமான நிலையம் இருக்கும்போது இங்கே எதற்குத் தனியாக ஒன்று என்று கேட்பவர்கள் எப்போதும் இருந்தார்கள்.

எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகள் ஆள் எடுக்க ஆரம்பித்ததும் ஓமலூர், தாரமங்கலம், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் கிளம்பினார்கள். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், வெல்டர், டிரைவர். பலருக்கு விமானம் பம்பாயிலிருந்துதான். கன்னியாகுமரியிலிருந்து பம்பாய் போன ஜெயந்தி ஜனதா ரயில் சேலம் வழியாகப் போனது. தகரப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக அதில் ஏறி, ஈரோட்டுக்காரரும் பாலக்காட்டுக்காரரும் கலந்த பெட்டியில் ராத்திரி பகலாகப் போய், ஏஜென்டு சொன்ன அறையில் காத்துக்கிடந்து, பிறகு மூன்று மணி நேரத்தில் அரபிக் கடலைத் தாண்டுவார்கள். 1983 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு படிப்புக் குறைந்தவர் பாஸ்போர்ட்டில் அனுமதி முத்திரை வேண்டும் என்று ஆனது. அதற்காக அலைந்த நாட்களும் பயண நேரத்தில் சேர வேண்டியவைதான். எந்த அட்டவணையிலும் அவை இல்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் எங்கள் மேஜையில் இருந்தவை தலையணை கனத்துக்கு இரண்டு புத்தகங்கள். ஏபிசி வேர்ல்டு ஏர்வேஸ் கைடு என்று பெயர். உலகத்து விமானங்கள் எல்லாம் எழும்பும் நேரம், இறங்கும் நேரம், பொடி எழுத்தில், மாதத்துக்கு ஒரு பதிப்பு. அடுத்த மாதப் புத்தகம் வந்ததும் பழையது காகிதக் கடைக்குப் போகும். அதில் போட்டிருக்கும் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். சென்னையில் விடியற்காலை 4.00 மணிக்குக் கிளம்பி துபாயில் 6.45-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாரமங்கலத்திலிருந்து வந்த அம்மா ஒருவர் விரலை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டே முக்கா மணி நேரம்தானுங்களா? எம்பட பையன் அத்தன கிட்டத்துலயா இருக்கான்?" துபாய்க் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி பின்னால். ஆக, பறப்பது நாலே கால் மணி. இதை அவருக்குப் புரியவைக்க ஒரு தாளில் இரண்டு கடிகாரம் வரைந்து காட்டினேன். அவர் அந்தத் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். பையன் திரும்பி வரும்போது கணக்கு இன்னும் விசித்திரம்: ராத்திரி பத்துக்கு ஏறினால் இங்கே விடிய மூன்றே முக்கால் ஆகிவிடும். போகும்போது கூடிய ஒன்றரை மணி வரும்போது பறிபோகும்.

மேற்கே போகிற விமானமும் கிழக்கே வருகிற விமானமும் ஒரே தூரத்துக்கு ஒரே நேரம் எடுப்பதில்லை என்பதையும் இந்த வேலையில்தான் கற்றேன். சென்னையிலிருந்து ஃபிராங்க்பர்ட் போக ஆகும் நேரத்தைவிட வர ஆகும் நேரம் குறைவு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் வேகமான காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, போகும்போது முகத்தில் மோதுகிறது. அரசியலும் நேரத்தை நீட்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகிறவை தெற்கே வளைந்து போக வேண்டியதாயிற்று. ஊர்களுக்கு இடையே உள்ள மைல் ஒன்றுகூடக் கூடவில்லை.

மைல் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியாருக்கு இது தெரியாது. வெளிநாட்டுச் சீட்டுக்கு நாங்கள் கட்டணம் கணக்கிட்டதே மைலை வைத்துத்தான். இரண்டு ஊருக்கும் இடையிலான நேர்க்கோட்டு மைல் ஒரு கையேட்டில் அச்சாகியிருக்கும். அதற்கு மேல் ஏறத்தாழ இருபது சதம் கூட்டி, இவ்வளவு மைலுக்குள் எந்த வழியாகவும் சுற்றிப் போகலாம் என்று ஓர் உச்ச வரம்பு இருக்கும். பயணி நடுவில் எங்கெங்கே இறங்க ஆசைப்படுகிறாரோ அந்தத் துண்டுத் தூரங்களைக் கூட்டிப் பார்ப்போம். வரம்புக்குள் இருந்தால் கட்டணம் மாறாது. தாண்டினால் ஐந்து சதம், பத்து சதம் என்று இருபத்தைந்து வரை ஏறும். அதற்கும் மேலே போனால் சீட்டையே இரண்டாக உடைக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் சீட்டிலாவது சிங்கப்பூர் சித்தப்பா வீட்டையும் சேர்த்து அதே கட்டணத்துக்குள் அடக்கிவிட்டால் அன்றைக்கு எனக்கு மனம் நிறைந்திருக்கும். லாம்டன் பரங்கிமலையில் சங்கிலி போட்டு அளந்த பூமியின் வளைவுதான் கடைசியில் சேலத்தில் ஒரு கொத்தனாருடைய சீட்டின் விலையாக வந்து நின்றது.

நாமக்கல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் அம்மா ஊர் ராசிபுரம், அதனால் அந்தப் பக்கத்து மனிதர்களோடு எனக்குப் பழக்கம் அதிகம். 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆன ஊர். லாரி கட்டுகிற ஊர், எரிவாயு டேங்கர் ஓட்டுகிற ஊர், நாட்டுக்கே முட்டை அனுப்புகிற ஊர். ஆனால் நாமக்கல்லுக்கு ரயில் வந்தது 2013-இல், சேலம்–கரூர் பாதை திறந்த பிறகுதான். சேலத்துக்கு ரயில் வந்து நூற்றைம்பது ஆண்டு கழித்து! இடைப்பட்ட காலம் முழுக்க அந்த மண் லாரியையே ரயிலாக வைத்துக்கொண்டது. அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் யாரும் சொல்ல மாட்டார்கள். "கல்கத்தா போயி வர ஒரு நடை" என்பார்கள். எத்தனை நாள் என்பது லோடு இறக்க எத்தனை நாள் காத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று அவர்களுக்குத் தெரியும். அட்டவணையை நம்பி ஏமாறாத பயணிகள் நான் பார்த்தவர்களில் நாமக்கல் லாரி உரிமையாளர்கள்தான்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போவது எல்லோருக்கும் தெரியும். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் அவர்கள் போனார்கள். வண்டி கப்பலில் போய்விடும், ஆட்கள் விமானத்தில். ஒருமுறை ஒரு ரிக் முதலாளி என் கடைக்கு வந்து சாக்குப்பை ஒன்றை மேஜைமேல் வைத்தார். மேஜை அதிர்ந்தது. உள்ளே பட்டன் பிட்டுகள், பாறையைத் துளைக்கிற உலோகக் கொண்டைகள். "இத பையனுங்க கையில குடுத்து அனுப்போணுமுங்க அக்கா, அங்க வேல நின்னு கெடக்குது" என்றார். எடைக்குக் கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். சீட்டு விலையை நெருங்கியது. அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. ஒரு நாள் ரிக் நின்றால் எவ்வளவு நட்டம் என்று அவர் மனசுக்குள் கணக்கு முடிந்திருந்தது. நேரத்தின் விலை தெரிந்த மனிதர்களுக்குச் சேலத்தில் ஒரு விமானம் எவ்வளவு உதவியிருக்கும் என்று அன்றைக்கு நினைத்தேன். அவர்களுடைய ஆட்கள் அன்றும் இரவு பஸ் ஏறித்தான் சென்னைக்குப் போனார்கள்.

காமலாபுரத்தில் விமான நிலையம் 1993-இல் கட்டப்பட்டது. சேலத்திலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர், சுழல்விசிறி வைத்த சிறிய விமானத்துக்குப் போதும். எஸ்.எக்ஸ்.வி. என்று மூன்றெழுத்துக் குறியீடும் கிடைத்தது. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத் தலைநகரும் சேலம்தான். அதன் குறியீடு எஸ்.எல்.இ. சீட்டு எழுதும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு வைத்திருந்தேன். சென்னையைச் சேர்ந்த என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ் சில காலம் இங்கே பறந்தது, பிறகு நின்றது. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் சென்னைக்கு விமானம் விட்டது. 2011-இல் அதுவும் நின்றது. 2018 மார்ச் 25-இல் மத்திய அரசின் உதான் திட்டத்தின் கீழ் ட்ரூஜெட் வந்தது. எடப்பாடிக்காரரான அன்றைய முதலமைச்சர் பழனிசாமி தொடங்கிவைத்தார். 2021-இல் அதுவும் போய்விட்டது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் பெங்களூருக்கும் கொச்சிக்கும், இண்டிகோ ஹைதராபாத்துக்கும் சென்னைக்கும் என்று மறுபடியும் தொடங்கின.

விமானம் நின்றுபோன இடைவெளிகள் எங்களுக்குக் கொடுமையானவை. நிலையத்தில் விளக்கு எரியும், காவலர்கள் இருப்பார்கள், ஓடுபாதைப் புல்லை வெட்டுவார்கள். பயணி மட்டும் இருக்க மாட்டார். வாடிக்கையாளர்கள் போனில், "நம்மூரு பிளேன் மறுபடி எப்பங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது.

ஏன் நின்றது? ஒவ்வொரு கம்பெனிக்கும் அதனதன் கடன் கதை உண்டு, அது ஊரறிந்தது. அதைவிட அடிப்படையான காரணம் கணக்கில் இருக்கிறது. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் போகும் ஏ.டி.ஆர். என்னும் சுழல்விசிறி விமானம் 265 கிலோமீட்டரை அரை மணியில் தாண்டிவிடும். ஆனால் தரையில் உருண்டு போக, மேலேற, மீனம்பாக்கத்தில் இறங்க வரிசையில் சுற்ற என்று அட்டவணையில் ஒரு மணி போடுவார்கள். அதற்கு முன்னால் சேலத்திலிருந்து காமலாபுரம் போக முக்கால் மணி, சோதனைக்கு ஒரு மணி முன்னதாக நிற்க வேண்டும், இறங்கிப் பெட்டி எடுத்து நகரத்துக்குள் போக இன்னொரு மணி. கூட்டினால் நாலு மணி நேரத்தைத் தொடுகிறது. 2023 ஏப்ரலில் தொடங்கிய கோவை–சென்னை வந்தே பாரத் சூரமங்கலத்திலிருந்து சென்ட்ரலுக்கு நாலு மணிக்குள் கொண்டுபோய் விடுகிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் தூங்கி எழும்போது சென்னை. இப்படிப்பட்ட தூரத்தில் விமானம் ஜெயிக்க வேண்டுமானால் ஒன்று, காலையில் போய் வேலை முடித்து மாலையில் திரும்பும்படி நேரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் சென்னையிலோ ஹைதராபாத்திலோ இறங்கிய கையோடு அடுத்த விமானம் பிடிக்கும்படி, பெட்டியைச் சேலத்தில் போட்டால் துபாயில் எடுக்கும்படி, ஒரே சீட்டாக இருக்க வேண்டும். நடுப்பகலில் வந்து நடுப்பகலில் போகும் விமானத்தால் வியாபாரிக்கு ஒரு நாள் மிச்சமாகாது. உதான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பறப்புக்குப் பாதி இருக்கைகளை 2,500 ரூபாய் அளவில் தர வேண்டியிருந்தது; அதனால் வரும் இழப்பை அரசு மூன்று ஆண்டு ஈடுகட்டும் என்பது ஏற்பாடு. மூன்று ஆண்டில் பயணியிடம் பழக்கம் உண்டாகியிருக்க வேண்டும். நடுவே கொரோனா வந்து அந்தப் பழக்கத்தையே அறுத்தது.

பயண நேரத்தைக் குறைக்கிறோம் என்று சொல்லி எங்கள் மண்ணில் இரண்டு பெரிய நில அளவைகள் நடந்தன. ஒன்று சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை. 2018-இல் அறிவித்தார்கள். 277 கிலோமீட்டர், பத்தாயிரம் கோடி ரூபாய். அந்த 277 என்ற எண்ணைப் பாருங்கள். விமானம் பறக்கும் நேர்கோட்டுக்கும் அதற்கும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம். வரைபடத்தில் அடிக்கோல் வைத்து இழுத்த சாலை. ஆகாயத்தில் அப்படி இழுக்கலாம், அங்கே கிணறு இல்லை, தென்னை இல்லை, குலதெய்வக் கோயில் இல்லை. தரையில் இழுத்தபோது எல்லாம் குறுக்கே வந்தன. பெண்கள் அளவுக்கல்லின் மேல் படுத்து அழுததை நாடே பார்த்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தை அனுமதித்து, நிலம் எடுக்கப் புதிதாக அறிவிக்கை கொடுக்கலாம் என்றது. சாலை இன்னும் வரவில்லை.

இன்னொன்று காமலாபுரம் விரிவாக்கம். பெரிய விமானம் இறங்க நீண்ட ஓடுபாதை வேண்டும், அதற்கு ஏறத்தாழ 570 ஏக்கர் வேண்டும் என்று பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி, காமலாபுரம் கிராமங்களில் நிலம் குறித்தார்கள். ஓமலூர்ப் பக்கம் குண்டுமல்லி பூக்கிற மண். விடியும் முன்னால் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு மொக்குப் பறிப்பார்கள். விடிந்து வெயில் ஏறினால் விலை போய்விடும். அந்த வயல்காரர்களுக்கும் நேரம்தான் பிழைப்பு. அவர்களில் சிலர் என்னிடம் துபாய்ச் சீட்டு எடுத்தவர்கள், மகன் அனுப்பிய பணத்தில் கிணறு வெட்டியவர்கள்.

விமானச் சீட்டு விற்றவளாக இருந்தும் இதில் என் முடிவு தெளிவானது. இருக்கிற ஓடுபாதையில் ஓடக்கூடிய விமானத்தையே முப்பது ஆண்டாக நம்மால் நிலையாக ஓட்ட முடியவில்லை. முதலில் அதை ஒழுங்காக ஓட்டுங்கள். காலை போய் மாலை திரும்பும் சென்னை விமானம் ஒன்று, நிறுத்தாமல், பத்து ஆண்டு. நாமக்கல்லிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் அந்த நேரத்துக்குக் காமலாபுரம் வரும் ஒரு பேருந்து. நாமக்கல்லுக்கும் ஓடுபாதைக்கும் இடையே ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர், அதற்கு டாக்சி வைத்தால் சீட்டின் விலையே வந்துவிடுகிறது. வெளிநாடு போகிறவருக்குச் சேலத்திலிருந்தே ஒரே சீட்டு. இவற்றுக்கு ஒரு சென்ட் நிலம்கூட எடுக்கத் தேவையில்லை. இவை நடந்து, இருக்கைகள் நிரம்பி, பயணிகள் இடமில்லாமல் திரும்பிப் போகும் நாள் வந்தால், அன்றைக்கு அந்த நாலு கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசலாம்.

படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. எங்கள் ஊரின் பயண நேர வரலாறு பெரிய நூல்களில் எழுதப்படவில்லை. 1883-இல் லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும் 1918-இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெஜட்டியரும் ரயில் காலத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகான வரலாறு பழைய பஸ் டிக்கெட்டிலும் ரயில்வே அட்டவணையிலும் கார்பன் தாள் வைத்து எழுதிய விமானச் சீட்டிலும்தான் கிடக்கிறது. என்.இ.பி.சி. காலத்துச் சீட்டோ கிங்ஃபிஷர் காலத்துப் போர்டிங் பாஸோ ஜெயந்தி ஜனதாவில் பம்பாய் போன முன்பதிவுத் தாளோ உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எந்த நாளில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று பின்பக்கம் ஒரு வரி எழுதி, சேலம் அரசு அருங்காட்சியகத்தையோ உங்கள் ஊர் நூலகத்தையோ அணுகிக் கொடுத்து வையுங்கள்.